கலாமிட்டி ஜேன் சீட்டைச் சுடவில்லை

கிரீன்வில், ஒஹாயோ
9 ஜூலை 1962

அன்புள்ள வெல்மா சித்திக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்டமாட்டேன். உங்கள் கோபத்துக்குப் பயந்து எதையும் குறைக்கவும் மாட்டேன். படித்துவிட்டு எந்த இடத்தில் நான் பிழை செய்தேன் என்று நீங்களே காட்டுங்கள்.

நான் இங்கே திரும்பக் கிளம்பிய அன்று நீங்கள் பேருந்து நிற்கும் இடத்துக்கு வரவில்லை. உங்களோடு விழாவில் நடிக்கும் ஓட்டிஸ்தான் தன் லாரியில் கொண்டுவந்து விட்டார். "உங்க சித்தி துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கா, அதான் வரல" என்றார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

முந்தைய சனிக்கிழமை பைன் ஃபோர்க் கோடைவிழாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து உங்கள் காட்சியைப் பார்த்தேன். போன இலையுதிர் காலத்தில் அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது நீங்கள் அதில் சேர்ந்திருக்கவில்லை. அதனால் எனக்கு எல்லாமே புதிது. விழாவை நடத்தும் திரு. புரூனர் ஒலிபெருக்கியில் கத்தினார்: "இதோ வர்றா பாருங்க, கலாமிட்டி ஜேன்! விக்டோரியா ராணி முன்னாலயே சுட்டவ!" நீங்கள் மான்தோல் உடுப்பில் வந்து, ஓரம் மட்டும் தெரியும்படி நிறுத்திய சீட்டாட்டச் சீட்டை இரண்டாகப் பிளந்தீர்கள். ஓட்டிஸின் வாயிலிருந்த சிகரெட்டைப் பறக்கவிட்டீர்கள். கை வலிக்கும்வரை தட்டினேன். இது சத்தியம்.

பிறகு மதுக்கடைக் காட்சி. பஃபலோ பில்லாக வேடம் கட்டிய ஓட்டிஸ் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் பின்னாலிருந்து சுடுகிறான். நீங்கள் ஓடிவந்து அவர் மேல் விழுந்து "என் பில்லு போயிட்டாரே!" என்று அழுகிறீர்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, பஃபலோ பில் நெஜமாவே செத்துட்டாரா?" அவன் அம்மா, "ஆமாண்டா கண்ணு, நம்ம பக்கந்தான் செத்தாரு" என்றாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பையன் பெரியவனாகி, தன் பையனுக்கும் அதையே சொல்வான்.

அதனால்தான் ஊர்ச் செய்தித்தாளுக்கு எழுதினேன். நம் பக்கத்து டெட்வுட்டில் சீட்டாட்ட மேசையில் சுடப்பட்டவர் வைல்ட் பில் என்ற வேறொருவர். பஃபலோ பில் அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து டென்வரில் தன் தங்கை வீட்டில் படுக்கையில் இறந்தார். இருவருக்கும் நீண்ட முடி, மீசை, ஒரே பெயர் என்பதால் இருவரும் ஒருவராகிவிட மாட்டார்கள். அதேபோல் ராணி முன்னால் சுட்டவர், சீட்டைப் பிளந்தவர் ஆனி ஓக்லி. கலாமிட்டி ஜேன் சீட்டைச் சுடவில்லை. அவர் வண்டியோட்டிகளோடு சுற்றினார், குடித்தார், அம்மை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நம் விழாவில் நான்கு பேரை மடித்து இரண்டு பேராக்கியிருக்கிறார்கள். இவ்வளவுதான் எழுதினேன். உங்கள் பெயரை எங்குமே எழுதவில்லை.

இதில் எது பொய்?

அன்புடன்,
லோர்னா


பைன் ஃபோர்க், தெற்கு டகோட்டா
13 ஜூலை

லோர்னா,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் தொடங்கவில்லை.

என் பெயரை எழுதவில்லையாம்! இந்த ஊரில் மான்தோல் பாவாடை கட்டிக்கொண்டு துப்பாக்கி பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சலவைக்கடையில் நீராவிக்கு நடுவில் நிற்கிறேன். புரூனர் உள்ளே வந்து செய்தித்தாளை ஈரத்துணிமேல் விரித்தார்.

"பாத்தியா வெல்மா, உங்க அக்கா மக நம்ம மானத்த வாங்கிட்டா."

"சின்னப் பொண்ணுங்க அவ. விடுங்க."

"சின்னப் பொண்ணா? டெட்வுட்காரன் போன் போட்டுச் சிரிக்கிறான். 'எங்க ஊர்ல ஒரு தடவ செத்தவன நீங்க ஏன்யா வாரா வாரம் கொல்றீங்க, அதுவும் வேற பேர்ல'ன்னு கேக்குறான்."

அன்று மாலையே விழாக்குழு கூடியது. இனிமேல் எல்லாம் சரித்திரப்படிதான் நடக்குமாம். சரித்திரப்படி ஜேன் சுடவில்லை. ஆகவே ஜேனுக்குத் துப்பாக்கி கிடையாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஈரத்துணி, அம்மை வந்த பையன்கள். அதற்கு நான் எதற்கு? வங்கிக்காரர் மனைவி டாலிவர் அம்மாள் போதும். அவளுக்குத்தான் அழகாகத் துணி பிழியத் தெரியுமாம். வாழ்நாள் முழுக்கத் துணி பிழிகிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடமே சொல்கிறார்கள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"டிக்கெட் கிழிக்க ஆள் வேணும், வெல்மா" என்றார் புரூனர்.

நீ புத்தகம் படிக்கிறவள், உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அடுத்தவர்களின் அழுக்குப் போர்வை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், இந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலைப் பார்க்கும். நாற்பத்தோரு வயதில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம். அதைத்தான் நீ திருத்தி எடுத்துவிட்டாய்.

எது பொய் என்று கேட்கிறாய். ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் உன்னை அடிக்கவும் முடியவில்லை.

வெல்மா


கிரீன்வில்
18 ஜூலை

அன்புள்ள சித்தி,

நீங்கள் தொடங்காவிட்டாலும் நான் தொடங்குவேன்.

டாலிவர் அம்மாளுக்கு வேடம் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உங்கள் துப்பாக்கியைப் பிடுங்கச் சொல்லியும் எழுதவில்லை. குழு முட்டாள்தனமாக முடிவெடுத்தால் அது என் கணக்கில் வருமா?

வழி ஒன்று இருக்கிறது, மிகவும் எளிமையானது. நீங்கள் ஆனி ஓக்லியாகச் சுடுங்கள். நீங்கள் செய்த வித்தைகள் எல்லாமே அவருடையவைதானே? நான் இப்போது இருப்பது அவர் பிறந்த மாவட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நச்சரித்து அவர் கல்லறைக்கே போய்வந்தேன். சிறுவயதில் வேட்டையாடி வீட்டுக்கே சாப்பாடு போட்டிருக்கிறார். குடிக்கமாட்டார். காட்சி இல்லாத நேரங்களில் கூடாரத்தில் உட்கார்ந்து பூத்தையல் போடுவாராம். உங்களுக்குத் தையல் வராது என்பது தெரியும். அதை மேடையில் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

இங்கேயும் நிலைமை மோசம்தான், மறைக்கமாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு ஃபோகில் அம்மாள் அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் தினமும் போகிறார். "ஆனி ஓக்லியா? வைல்ட் பில்லோட சம்சாரந்தானே? அந்தக் குடிகாரி?" என்றார். நான் விளக்கினேன். "அட, ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு, ரெண்டு பேருமே துப்பாக்கி வச்சிருந்தாங்க" என்று எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். நான் அதை வாங்கவில்லை.

திரு. புரூனருக்கு நேற்றே எழுதிவிட்டேன். ஆனி ஓக்லி பற்றி மூன்று பக்கம், ஆதாரங்களோடு.

அன்புடன்,
லோர்னா


பைன் ஃபோர்க்
23 ஜூலை

லோர்னா,

உன்னை யார் எழுதச் சொன்னது? மறுபடியும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

மூன்று பக்கத்தையும் புரூனர் தன் இரும்புக்கடையில் நின்று, ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். கடைசியில், "ஒஹாயோக்காரி! கெழக்க பொறந்து, கெழக்க செத்து, கூடாரத்துல தையல் போட்டவ. அவளுக்கும் நம்ம மலைக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கு பாஸ்டன்லேருந்து ஒரு பாதிரியாரக் கொண்டாரச் சொல்வா போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே கொக்கி வாங்கப் போயிருந்தேன். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆக, நான் ஜேனாகச் சுடக்கூடாது, ஏனென்றால் ஜேன் சுடவில்லை. ஆனியாகவும் சுடக்கூடாது, ஏனென்றால் ஆனி இங்கே வரவில்லை. உன் உண்மை இரண்டு பக்கமும் கூர் தீட்டியது.

சரி, அந்த உண்மை சனிக்கிழமை மேடை ஏறின லட்சணத்தைக் கேள். எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கக்கூடாது என்று இருந்தேன்.

பள்ளி வாத்தியார் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ஆண்டு, மாதம், மறுபடியும் ஆண்டு. ஓட்டிஸ் இந்தத் தடவை வைல்ட் பில். வந்தான், உட்கார்ந்தான், சீட்டை எடுத்தான், செத்தான். வாத்தியார் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கதாநாயகன் காலி. அதற்குப் பிறகு ஓட்டிஸ் செத்துக் கிடந்ததுதான் நாடகம். நடுவில் தும்மினான். பஃபலோ பில்லுக்கு வேலையே இல்லை. அவர் டென்வரில் படுத்துக்கொண்டுதானே செத்தார்! அப்புறம் டாலிவர் அம்மாள் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொரு பையன் நெற்றியாகத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அம்மா தாயே, எனக்கும் காய்ச்சல்!" என்றான். இன்னொருவன், "சுடுற பொம்பள எங்கய்யா?" என்றான். அப்புறம் எல்லோரும் அதையே கத்தினார்கள். பாதிப் பேர் டிக்கெட்டைக் கிழித்து வீசிவிட்டுப் போனார்கள். நான்தான் வாசலில் நின்று பொறுக்கினேன்.

இன்று காலை புரூனர் சலவைக்கடைக்கு வந்தார், பின்வாசல் வழியாக. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் காட்சியைத் திருப்பிக் கொடுக்கத் தயார். ஆனால் செய்தித்தாளில் வந்தது வந்ததுதான். அதே செய்தித்தாளில் அதே பெண், "நான் எழுதியது தவறு" என்று எழுதவேண்டும். அப்போதுதான் குழுவின் உடைந்த மூக்கு நிமிருமாம்.

ஒரு வரி போதும். நீ மூன்று பக்கம் எழுதுகிறவள். ஒரு வரி எழுது.

வெல்மா


கிரீன்வில்
28 ஜூலை

சித்தி,

எழுதமாட்டேன்.

எழுதினால் அது பொய். அதுவும் அச்சில் வரும் பொய். அந்தச் சின்னப் பையன் வீட்டில் அதைக் கத்தரித்து ஒட்டிவைப்பார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு முன்னால் அந்த வேடம் கட்டிய பெண், சீட்டை முன்கூட்டியே பாதி கிழித்துவைத்துச் சுடுவாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். துப்பாக்கி வெடித்ததும் பின்னாலிருந்து நூலை இழுப்பார்களாம். "நான் அப்படிச் செய்யமாட்டேன், தவறினா தவறினதுதான்" என்று சொன்னீர்கள். மூன்று சனிக்கிழமை தவறி, ஊர் கேலி செய்தபோதும் நூலைக் கட்ட விடவில்லை என்று ஓட்டிஸும் சொன்னார். உங்கள் சீட்டைக் கிழித்துவைக்க உங்களுக்கு மனம் வரவில்லை. என் சீட்டை மட்டும் கிழித்துவைக்கச் சொல்கிறீர்கள்.

அம்மா என் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. "ரெண்டு பேரும் ஒரே மண்டை, நடுவுல நான் எங்க போய் நிக்கிறது" என்று சொல்லிவிட்டு மாவு பிசைகிறார்.

லோர்னா


பைன் ஃபோர்க்
2 ஆகஸ்ட்

மகாராணிக்கு,

நல்லது. பேசு. வாய் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

ஆனால் சீட்டுப் பேச்சை என்னிடம் எடுக்காதே. நான் தவறினால் சிரிப்பு எனக்கு. நீ தவறாமல் அடித்ததற்கு அடி எனக்கு. இது இரண்டும் ஒன்றா? கணக்கு வாத்தியாரிடம் கேட்டுப் பார்.

துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டேன். ஓட்டிஸ் வந்து, "வெல்மா, பயிற்சிக்குப் போலாமா?" என்றான். "எதுக்கு, டிக்கெட்டச் சுடவா?" என்றேன். வாயில் சிகரெட்டோடு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் அவனே பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான். பாவம், அவனுக்கும் இந்தக் கோடையில் வேறு பெருமை கிடையாது.

போன சனிக்கிழமையும் கூட்டம் கத்தியது. புரூனருக்கு இப்போது புதுயோசனை. எழுதவேண்டாமாம். நீயே நேரில் வந்து, பதினெட்டாம் தேதி காட்சிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் படிக்கவேண்டுமாம். ஊரே உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறது. நல்ல ஆசை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே, நான் சுடலாம். பேருந்துச் சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். புரூனர் கொடுத்தது.

நீ வரமாட்டாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உனக்கு உன் உண்மை இருக்கிறது. சித்தி எதற்கு?

வெல்மா


கிரீன்வில்
7 ஆகஸ்ட்

சித்தி,

வருகிறேன். பதினேழாம் தேதி மாலைப் பேருந்தில் அங்கே இறங்குவேன்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்த நான்கிலும் ஏன் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். இதில் எழுதவில்லை.

லோர்னா


பைன் ஃபோர்க்
11 ஆகஸ்ட்

லோர்னா,

வா. ஆனால் சில விஷயங்கள்.

என் வீட்டில் தங்கமுடியாது. சலவைக்கடைக்குப் பின்னால் இருப்பது ஒரே அறை, அதில் இப்போது என் கோபத்துக்கே இடம் போதவில்லை. ப்ரூயிட் அம்மாளின் விடுதியில் சொல்லியிருக்கிறேன். அவள் நிறையப் பேசுவாள், நீ பதில் பேசாதே.

புரூனர் ஒரு தாள் கொடுப்பார். அதில் இருப்பதைப் படி. முற்றுப்புள்ளி வந்தால் நிறுத்து. உன் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூட வேண்டாம். 'ஆனால்' வேண்டாம், 'இருப்பினும்' வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும், நீ மூன்று வயதில் ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஆடு பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரும் என்று கேட்டவள்.

துப்பாக்கியை இறக்கிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஓட்டிஸோடு குவாரிப் பக்கம் போகிறேன். கை பழையபடி இல்லை. இரண்டு வாரம் சும்மா இருந்தாலே விரல் கெட்டுப்போகிறது. பதினெட்டாம் தேதியை விட்டால் அடுத்த கோடை வரை புரூனர் எனக்கு வாய்ப்பு தரமாட்டார். அடுத்த கோடைக்குள் இளசாக ஒருத்தியைப் பிடித்துவிடுவார்கள். இதை உன்னிடம் கெஞ்சலாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன்.

வேறு ஏதாவது படித்தாய் என்றால், அதோடு என் வாசற்படிக்கு வராதே.

வெல்மா


பைன் ஃபோர்க், ப்ரூயிட் அம்மாள் விடுதி
19 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள சித்தி,

காலையில் மூன்று தடவை கதவைத் தட்டினேன். உள்ளே நீங்கள் நடக்கும் சத்தம் கேட்டது. இஸ்திரிப்பெட்டியை வேண்டுமென்றே பலமாக வைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இஸ்திரி போடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எழுதி, இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பத்து மணிப் பேருந்துக்குப் போகிறேன்.

முதலில் வெளியே நடப்பது. நீங்கள் கதவைத் திறக்காததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. உணவுக்கடையில் அப்பம் சாப்பிடப் போனேன். எல்லா மேசையிலும் உங்கள் பேச்சுதான். ஒரு மரவெட்டி தன் பக்கத்தில் இருந்தவரிடம் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்: "ஆறு மெழுகுவத்தி, ஆறு குண்டு! ஒண்ணு கூடத் தவறல. திரி மட்டுந்தான் அணைஞ்சுது, மெழுகு நின்ன எடத்துல நிக்குது!" என்னைப் பார்த்ததும், "பாப்பா, நீதானே அது? உங்க சித்தி பெரிய ஆளும்மா. அந்தக் கலாமிட்டி ஓக்லி, பஃபலோ பில்லக் கட்டிக்கிட்டவ, அவகூட இப்படிச் சுட்டிருக்கமாட்டா" என்றார்.

நான் அவருக்கு விளக்கினேன். என் அப்பம் ஆறிப்போனது. கடைசியில் அவர், "சரிம்மா, அப்ப ரெண்டாவது பில்லத்தான் கட்டிக்கிட்டாளா?" என்று கேட்டார்.

இரும்புக்கடைக் கண்ணாடியில் திரு. புரூனர் அடுத்த சனிக்கிழமைக்கான தட்டியை இப்போதே வைத்துவிட்டார். 'சுடுகிறார்' என்ற எழுத்துதான் இருப்பதிலேயே பெரியது. அதற்கு மேலே இன்னும் கலாமிட்டி ஜேன் என்றே இருக்கிறது. என்னைக் கண்டதும் அவர் உள்ளே போய் ஏணிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஆக, உங்கள் சனிக்கிழமை உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. இதை நான் சாதித்தேன் என்று சொல்லமாட்டேன். நான் கெடுக்கத்தான் பார்த்தேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அதையும் மறுக்கமாட்டேன்.

நீங்கள் களத்தில் இருந்தீர்கள். அறிவிப்புக் கூண்டுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஊர் உங்களிடம் பல மாதிரி சொல்லும். விளக்கு அணைந்த பிறகு நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு முன்னால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூண்டில் மூன்று பேர் இருந்தோம். திரு. புரூனர், நான், விளக்குக்காரர் ஏர்ல். ஏர்ல் புகையிலை மென்றபடி பெரிய விசைமேல் கை வைத்திருந்தார். மெழுகுவர்த்தி வித்தை எனக்குத் தெரியாது, ஏர்ல்தான் சொன்னார். அது நீங்கள் இதுவரை ஊருக்குக் காட்டாதது, அதற்கு முழு இருட்டு வேண்டும், நான் படித்து முடித்துத் திரு. புரூனர் கையசைத்ததும் அவர் விளக்கை அணைக்கவேண்டும். ஓட்டிஸ் ஏற்கெனவே மண்மேட்டுக்கு முன்னால் பலகையில் ஆறையும் ஏற்றிவைத்திருந்தார். வெளிச்சத்தில் அந்தச் சுடர்கள் தெரியவே இல்லை. நீங்கள் எங்களுக்கு முதுகு காட்டி நின்றீர்கள்.

நான் ஒலிவாங்கி முன்னால் வந்ததும் கூட்டம் ஊளையிட்டது. "டேய், புத்தகப்புழு வந்துடுச்சுடா!" "ஓடிப் போடி ஒஹாயோவுக்கு!" என்றார்கள். யாரோ மக்காச்சோளக் கதிரை எறிந்தார்கள். அது ஏர்லின் தொப்பியில் பட்டது.

தாளில் மூன்று வரி. முதல் வரி, 'என் பெயர் லோர்னா கிளைன், செய்தித்தாளில் எழுதியது நான்தான்.' அதைப் படித்தேன். இரண்டாம் வரி, 'நான் எழுதியது தவறு.' மூன்றாம் வரி, 'இதோ, உண்மையான கலாமிட்டி ஜேன்.'

சித்தி, நான் படிக்கத்தான் வந்தேன். இரண்டு நாள் பேருந்தில் அந்த வரியைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். உங்களுக்காகப் பொய் சொல்ல முடிவெடுத்திருந்தேன். அது சின்னப் பொய்தான், யாரும் சாகப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டாம் வரிக்கு வந்தபோது நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவு தூரத்தில் உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. என்னைத் தடுக்கப் பார்த்தீர்களா, தள்ளப் பார்த்தீர்களா, தெரியாது. என் வாயில் வந்தது இதுதான். ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்:

"நான் எழுதுனது தப்பில்ல. அங்க நிக்கிறது கலாமிட்டி ஜேன் இல்ல, அவங்களால இது முடியாது. ஆனி ஓக்லியும் இல்ல, அவங்க எங்க ஊர்ல புதைஞ்சு கெடக்காங்க. அங்க நிக்கிறது எங்க சித்தி வெல்மா ஓஸ்ட்பி. நீங்க போட்டிருக்கிற சட்டைய வெளுத்தவங்க."

முன்வரிசையில் ஒருவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அவர் மனைவி சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அது என்ன சிரிப்பு என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. "எவளா இருந்தா என்ன, சுடச் சொல்லு!" என்று ஒருவர் கத்தினார்.

திரு. புரூனர் என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். அவர் கழுத்து சிவந்திருந்தது. "முடிஞ்சுது! காட்சி கெடையாது! எல்லாரும் வீட்டுக்குக் கெளம்புங்க!" பிறகு திரும்பி, "ஏர்ல், வெளக்க அணை!" என்றார்.

ஏர்ல் மெல்லுவதை நிறுத்தினார். "வெளக்கையா? இப்பவா?"

"காது கேக்கலையா? எல்லா வெளக்கையும் அணை. ஒண்ணு விடாம. அப்பத்தான் கெளம்புவானுங்க."

"களத்துல வெல்மா நிக்குதுங்க."

"நிக்கட்டும்! இருட்டுல என்ன பண்ணிடுவா?"

ஏர்ல் களத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீங்கள் பலகைப் பக்கம் திரும்பியிருந்தீர்கள். துப்பாக்கி தோளில் ஏறியிருந்தது. திரு. புரூனர் ஒருவர்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தி வித்தையையே மறந்து அவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி சொல்லிட்டாரு பாப்பா, நான் என்ன செய்யட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஏர்ல் விசையை மெல்லக் கீழே இழுத்தார். விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.

லோர்னா